கழுவ வந்த கத்தி

சூரோ மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எலுமிச்சைக்குக் கொம்பு முளைத்துவிடும். மற்ற மாதங்களில் சீந்த ஆளில்லாமல் கூடையில் சுருங்கிக் கிடக்கிற பழத்தை, சூரோவில் ஆளாளுக்கு எடுத்து முகர்ந்து, அமுக்கி, காதருகே ஆட்டிக்கூடப் பார்த்து, "சாறு இருக்குமா சுமி?" என்று என் உயிரை வாங்குவார்கள். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, புதுவீடு குடிபோவது கிடையாது, பலத்துச் சிரித்தால்கூடப் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தி கழுவுவது மட்டும் உண்டு. வீட்டுக்கு வீடு பெட்டியைத் திறந்து, முன்னோர் வைத்துவிட்டுப் போன கெரிஸ் கத்தியை எடுத்து, போன வருஷத்து எண்ணெயையும் துருவையும் போக்கிப் புதுச் சாயம் ஏற்றுவார்கள். சாயத்துக்கு எலுமிச்சை வேண்டும். எலுமிச்சைக்கு நான் வேண்டும்.

முச்சந்தி ஆலமரத்தடியில், சோலோ நகரத்துக்குப் போகிற பஸ் நிற்கிற இடத்தில் என் கடை. சில்லறை வியாபாரம் போக, மூட்டையாகவே கொண்டுபோய் இறக்குகிற வீடு கர்சோ அண்ணன் வீடு ஒன்றுதான். எங்கள் வட்டாரத்தில் கத்திக்குச் சாயம் ஏற்றுகிறவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட கத்தி அடுப்புக்கரி மாதிரி வரும் என்பது என் அபிப்பிராயம். அவர்கள் என்னிடம் பழம் வாங்குவதில்லை என்பதற்காகச் சொல்லவில்லை.

கர்சோ அண்ணன் வேலையில் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். முற்றின தேங்காய்த் தண்ணீர் நிரப்பிய மரத்தொட்டியில் கத்தி ஊறும். துரு இளகியதும் எடுத்து, பூந்திக்கொட்டை நுரையும் எலுமிச்சை மூடியுமாகத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கக் கத்தி ஈயத் தகடு மாதிரி வெளுத்துவிடும். ரேகை ஒன்றுமே தெரியாது. அப்புறம்தான் பாஷாணம். பாஷாணக் கல்லை இழைத்து எலுமிச்சைச் சாற்றில் போட்டு, மாதக்கணக்காக மூடிவைத்த தண்ணீர் ஒரு ஜாடியில் இருக்கும். பிஸ்மில்லா சொல்லி, தூரிகையால் அதைத் தொட்டுத் தடவி, வெயிலில் காட்டி, மறுபடி தடவி, மறுபடி காட்டி, பொழுதெல்லாம் அதே வேலைதான். இரும்பு மெல்லக் கறுக்கும். இரும்போடு சேர்த்து அடித்த வெள்ளை உலோகம் மட்டும் கறுக்காமல் நிற்கும். ஒரு கத்தியில் மழைக்கோடு எழும்பி வரும், ஒன்றில் அலை வரும், ஒன்றில் தரையில் கொட்டிய அரிசி மாதிரி புள்ளி புள்ளியாக வரும். வெயில் சரியாக அடிக்காவிட்டால் மஞ்சளும் நீலமுமாகக் கத்தி பல்லை இளித்துவிடும். அந்த வருஷம் சூரோ மழையோடு வந்தது. விடியும்போதே வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது.

அண்ணன் பெண்டாட்டி பாயினா. ஒரே பெண் வார்த்தினி. அவளைக் கிளாத்தெனில் அரிசி மில் வைத்திருக்கிற குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். பெரிய இடம். கல்யாணத்தில் கூண்டுக்கிளிக்குக்கூடத் தனிக் கார் வைத்துக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை ஹந்தோயோ நல்லவன்தான். அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத நல்லவன். வார்த்தினிக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போயிற்று. இரண்டாவது தடவை உடம்பு ரொம்பவும் உடைந்துவிட்டது. "தேறி வா, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று புருஷன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டான். நோன்புப் பெருநாள் கழித்து வந்தவள். சூரோவே வந்துவிட்டது, அவன் வரவில்லை.

அவனுக்குப் பதில் வந்தது கத்தி.

நான் அன்றைக்கு அண்ணன் வீட்டு முற்றத்தில் மூட்டையைப் பிரித்து அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வார்த்தினியும் பாயினாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். சம்பந்தி வீட்டு லாரி டிரைவர் சகிமின் செருப்பை வேலிக்கு வெளியிலேயே கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தபடி உள்ளே வந்தான். நீளமாக ஒரு மஞ்சள் துணிச் சுருட்டை இரண்டு கையாலும் நீட்டினான்.

"சின்ன முதலாளி ஐயாகிட்டக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரிக்கவே இல்லை. துணியைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அவர் மருமகனுக்குக் கல்யாணத்தில் கொடுத்த கெரிஸ் அது. அன்றைக்குச் சுற்றிக் கொடுத்த அதே மஞ்சள் துணி.

எங்கள் பக்கத்தில் மாமனார் மருமகனுக்குக் கத்தி கொடுப்பது வழக்கம். பெண் அவனோடு வாழ்கிற வரைக்கும் கத்தி அவனிடம் இருக்கும். வாழ்வு முறிந்தால் கத்தி திரும்பி வரும். தலாக், காகிதம், கையெழுத்து எல்லாம் பின்னால் சாவகாசமாக வரும். முதலில் வருவது கத்திதான். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. எங்கள் ஜனங்களுக்கு அது சௌகரியம். முகத்துக்கு நேரே கசப்பைச் சொல்வதைவிட நாக்கை அறுத்துக்கொள்வார்கள்.

கழுவ வருகிற கத்தியோடு பூப்பொட்டலம் வரும், ஊதுவத்தி வரும், என்றைக்கு வாங்கிக்கொள்ள வரலாம் என்ற கேள்வி வரும். இதோடு ஒன்றும் வரவில்லை. சகிமின் தரையைப் பார்த்தபடி நின்றான்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சூரோ மாசமாச்சே. கழுவுறதுக்குத்தானே தம்பி குடுத்தனுப்பிச்சாரு?"

சகிமின் ஒரு கணம் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? கையில் அழுகல் பழம்.

"ஆமாங்கய்யா" என்றான்.

"வெயில் வரணும். வெயில் வந்தாத்தான் சாயம் புடிக்கும். சொல்லிரு."

"ஆமாங்கய்யா, சொல்லிடறேங்க."

டீ குடித்துவிட்டுப் போ என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் லாரிக்கு ஓடினான்.

சந்தையிலிருந்து வந்த வார்த்தினி கத்தியைப் பார்த்தாள். மஞ்சள் துணியைக் காணோம். அண்ணன் அதற்குள் அதை எங்கேயோ மறைத்துவிட்டு, மற்ற கத்திகளுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு ஓலை நறுக்கில் 'ஹந்தோயோ' என்று எழுதிப் பிடியில் கட்டியிருந்தார்.

"இது அவரோடது இல்லையாப்பா?"

"கழுவ வந்திருக்கு."

அந்தப் பெண்ணின் முகத்தில் எத்தனையோ நாள் கழித்து ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். "கழுவக் குடுத்தா வாங்கிக்க வரணுமில்ல? அவரே வருவாரு! அம்மா, கேட்டியா? அதான் இத்தனை நாளா வரலை. ரெண்டு வேலையையும் ஒண்ணா முடிச்சுக்கலாம்னு இருந்திருக்காரு. அவர் சிக்கனம் உனக்குத் தெரியாதா?"

பாயினா காய்கறிக் கூடையை இறக்கிவைத்தவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே எரிகிற அடுப்பை ஊதினாள்.

அதற்கப்புறம் வார்த்தினிக்கு ஒரே உற்சாகம். எலுமிச்சை நறுக்க உட்கார்ந்தாள். "நீ பாஷாணத்துப் பக்கம் வராதே, எந்திரி" என்று அண்ணன் விரட்டினார். "சின்ன வயசுலேர்ந்து நாந்தானேப்பா நறுக்குவேன்?" என்றாள். "வராதேன்னா வராதே!" அந்த மனுஷன் மகளிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டிலும் அவர் மாறிப்போயிருந்தார். முன்பெல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்து மகள் தட்டில் பொரித்த சோயாத் தெம்பேயை எடுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவர், தனித் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார். தண்ணீர்க் குடத்தில் கைவைக்க மாட்டார். பாயினாவைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வார்.

"என்னண்ணே, புதுசா ஆசாரம்?" என்று நான்கூடக் கிண்டல் பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை.

ஊறவைத்து, தேய்த்து, வெளுக்கவைத்து, நடுவில் கிடைத்த கொஞ்சம் வெயிலில் அந்தக் கத்திக்குச் சாயம் ஏற்றினார். நன்றாகத்தான் வந்தது. கொட்டிய அரிசி ரேகை. வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வராது என்று மகளுக்காக அவரே தேடிப் பிடித்து வாங்கிய கத்தி. கறுப்பில் வெள்ளை வெளேரென்று அரிசி சிதறிக் கிடந்தது. எனக்கே கை நீட்டிப் பொறுக்கத் தோன்றியது.

"பிரமாதம்ணே" என்றேன்.

"மஞ்சள் தட்டுது" என்றார்.

"எங்க தட்டுது?"

"உனக்குத் தெரியாது. வெயில் பத்தலை." சொல்லிவிட்டு மறுபடி எலுமிச்சையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். ஏற்றின சாயம் எல்லாம் போய்க் கத்தி பழையபடி வெளுத்தது. அடுத்த வாரம் போனேன். மறுபடி ஏற்றி, மறுபடி அழித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கத்தியெல்லாம் வரிசையாக முடிந்து சுவரில் தொங்கியது. இது மட்டும் தொட்டிக்கும் வெயிலுக்குமாக அலைந்தது. பாயினா துணி உலர்த்துகிற சாக்கில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சுமி, நீயாவது சொல்லேன். ஒவ்வொரு தடவை கழுவுறப்பவும் இரும்பு கொஞ்சம் கரைஞ்சு போவுதில்ல? முனையைப் பாரு, ஓலை மாதிரி ஆயிடுச்சு. ஊரான் கத்தின்னா இப்படிச் செய்வாரா?"

"உனக்குத் தெரியுமா பாயினா?"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் பொறுமைசாலி இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு அண்ணன் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அன்னிக்கு நானும் இங்கதான் இருந்தேன்."

"அவன் ஆமான்னுதானே சொன்னான்?"

"இந்த ஊர்ல வயசானவங்க முகத்துக்கு நேரா எவண்ணே இல்லைன்னு சொல்லியிருக்கான்? நீங்க, 'நாளைக்கு ஆறு மேல்நோக்கி ஓடும்'னு சொல்லியிருந்தாலும் ஆமாங்கய்யான்னுதான் சொல்லியிருப்பான்."

தேய்க்கிற கை நின்றது. மழை தூற ஆரம்பித்தது. அவர் கத்தியைத் தன் துண்டால் மூடினார், தன் தலையை மூடவில்லை.

"கழுவ வந்திருக்குங்கற வரைக்கும் அவ புருஷன் வீட்டுக்காரி, சுமி. நான் கீழ வச்சேன்னா, முடிஞ்சுதுன்னு சொன்னேன்னா, அதோட அவ யாரு?"

அவரே தொடர்ந்தார். மனுஷன் ஆயுசுக்கும் அவ்வளவு சேர்த்துப் பேசியதில்லை.

"சம்பந்தியம்மா என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? பாஷாணத்துல வளந்த பொண்ணு, அது வயித்துல எதுவும் தங்காதாம். அவங்க ஊர் டீக்கடையில பேசறாங்க. என் காதுல விழற மாதிரியே பேசினாங்க. நான் பஸ்ஸுக்கு நிக்கறேன்."

"அந்தப் பொம்பளை வாயில கொள்ளியை வைக்க. அவ சொன்னா வேதமா?"

"பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்?" கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ந்த சோளமணி மாதிரி தடிப்புத் தடிப்பாக இருந்தது. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. "அவளுக்கு அம்மை போட்டப்ப, பல்லு மொளைச்சப்ப, அடம் புடிச்சு சாப்பிடாம கிடந்தப்ப எல்லாம் பாயினாகிட்ட வாங்க மாட்டா. அப்பாதான் ஊட்டணும். இந்தக் கையாலதான் ஊட்டி விட்டேன், சுமி. இந்தக் கையால."

சகுனத்துக்காவது அந்த மாதத்தில் அழக்கூடாது என்பார்கள். நான் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

சூரோ முடிய இன்னும் இரண்டு வாரம்தான் என்றிருக்கும்போது, வானம் வெறித்துவிட்டது. துரோகி வெயில். வேண்டும்போது வராமல், வேண்டாதபோது வந்து கொளுத்தியது. அண்ணனுக்குச் சொல்லச் சாக்கு இல்லை. சாயம் ஏற்றினார். நான் பார்த்த கத்திகளிலேயே அப்படி ஒரு கறுப்பைப் பார்த்ததில்லை, அப்படி ஒரு வெள்ளையையும். ஆனால் முனைப் பக்கம் அரிசி இல்லை. இரும்போடு கரைந்து போய்விட்டது.

"முடிஞ்சுதாப்பா?" என்றாள் வார்த்தினி.

அவரால் மஞ்சள் தட்டுகிறது என்று சொல்ல முடியவில்லை.

அவள்தான் எல்லா ஏற்பாடும் செய்தாள். சந்தன எண்ணெய் தடவி, தான் தைத்து வைத்திருந்த பச்சைப் பட்டுப் பையில் போட்டு, நாடாவை இழுத்து முடிந்தாள். அரிசி லாரி சந்தை நாளில் எங்கள் முச்சந்தி வழியாகத்தான் சோலோ போகும். அப்பாவை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்து காத்துக்கொண்டிருந்தாள். நல்ல பாத்திக் சேலை கட்டியிருந்தாள். வாழை இலையில் ஒரு சோற்றுப்பொட்டலம் வேறு.

"தேங்காய்ப்பால் சோறு அத்தை. அவருக்கு நான் வடிக்கற பதம்தான் புடிக்கும். அவங்கம்மா குழைச்சுடுவாங்க."

"ம்" என்றேன். வேறென்ன சொல்ல?

லாரி வந்தது. சகிமின் இவர்களைப் பார்த்ததும் முகம் செத்துப் போயிற்று. இறங்கி வந்து குனிந்து நின்றான்.

"ரொம்ப நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க" என்றாள் வார்த்தினி, பையை இரண்டு கையாலும் கொடுத்து. "எனக்கும் உடம்பு தேறிடுச்சு, எப்ப வேணா வரலாம்னு சொல்லுங்க. சூரோ முடிஞ்சதும் வருவாருல்ல?"

அண்ணன் பக்கத்து ஆலம் விழுதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமாங்கம்மா" என்றான் சகிமின்.

மறு சந்தை நாள், லாரி என் கடையைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. சகிமின் இறங்கி, அந்தப் பச்சைப் பையை என் எலுமிச்சைக் கூடைமேல் வைத்துவிட்டு, அடி வாங்கப் போகிறவன் மாதிரி நின்றான்.

"அக்கா, இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க."

"என்னடா வச்சுக்கறது? இதென்ன பூசணிக்காயா?"

"அன்னிக்கு நேரா சோலோ போயிட்டு ராத்திரிதான் மில்லுக்குப் போனேன். பெரிய முதலாளியம்மா வாசல்லயே நிக்கறாங்க. கையில இருக்கறதைப் பாத்ததும், குடுத்ததை எவன்டா திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னான்னு கேட்டாங்க. உள்ளயே விடலை. சீட்டுக்கு அடியிலேயே வச்சுக்கிட்டு சுத்தறேன். எனக்கு வண்டி ஓட்டவே பயமா இருக்கு. அந்த ஐயா கையில கொண்டுபோய்க் குடுக்கற தைரியம் எனக்கில்லைக்கா."

"ஹந்தோயோ என்ன சொன்னான்?"

"சின்ன முதலாளி ஜன்னல்ல நின்னு பாத்தாரு. உள்ள போயிட்டாரு."

"நேராச் சொல்லு சகிமின். என்கிட்ட ஆமாங்க போடாதே. செவுள்ல அறைஞ்சுடுவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பொண்ணு பாத்தாச்சுக்கா. பொறந்த நாள் பொருத்தமெல்லாம் பாத்து முடிச்சாச்சு. சூரோவுல வைக்கக்கூடாதுன்னுதான் காத்திருக்காங்க."

"சோத்துப்பொட்டலம்?"

"கெட்டுப்போயிடுமேன்னு..." தலையைக் குனிந்தான். "நான்தாங்க்கா சாப்பிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். கூலிக்காரன், அவன் மட்டும் என்ன பண்ணுவான்?

யாரிடம் கொடுப்பது? அண்ணனிடம் கொடுத்தால் மறுபடியும் தொட்டியில் போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். கத்தியும் மிஞ்சாது, மனுஷனும் மிஞ்சமாட்டார். பாயினாவிடம் கொடுத்தால் ஒளித்து வைப்பாள். இந்த வாழ்வு யாருடையதோ அவளிடமே கொடு என்று என் புத்தி சொன்னது. பையைக் கூடைக்குள் பழத்துக்கடியில் வைத்து, தலையில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனேன். வார்த்தினி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீரில் ஆறு டீ நிறத்தில் ஓடியது.

கூடையை இறக்கிப் பையை எடுத்துக் கல்மேல் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே.

அவள் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். நாடாவைத் தொட்டாள்.

"நான் போட்ட முடிச்சு" என்றாள். "அவிழ்க்கவே இல்லை."

"ஆமாம் கண்ணு."

"முடிச்சைக்கூட அவிழ்த்துப் பாக்கலையா அத்தை?"

பக்கத்தில் உட்கார்ந்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அழட்டும் என்று பார்த்தால் அவள் அழவில்லை. ஆற்றைப் பார்த்தபடி பேசினாள்.

"மஞ்சள் துணி அரிசிப் பானைக்குள்ள இருக்கு. சோறு வைக்க அரிசி அள்ளுறப்ப கையில தட்டுச்சு. அவர் கத்தி வந்த மறுநாளே பாத்துட்டேன். கல்யாணத் துணியில சுத்தி எவனாவது கழுவ அனுப்புவானா?"

"அப்ப எல்லாம் தெரிஞ்சேவாடீ சேலை கட்டிக்கிட்டு முச்சந்தியில வந்து நின்னே?"

"கேட்டா முடிஞ்சு போயிடுமில்ல? அப்பா கேக்கலை. நானும் கேக்கலை. ஒருவேளை கத்தி நல்லா வந்தா, அவர் பாத்தா..." குரல் அங்கே உடைந்தது. "பாக்கவே இல்லையே அத்தை."

அப்புறம் அழுதாள். துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கரையில் வாத்து மேய்க்கிறவன் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுது ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கேட்டாள்: "அப்பா ஏன் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு சாப்பிடறாரு? உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?"

சொன்னேன். சம்பந்தியம்மா பேச்சையும் சொன்னேன், அண்ணன் கையை விரித்துக் காட்டியதையும் சொன்னேன். ஊருக்கு வழக்கமில்லாத வழக்கம்தான். ஆனால் யாராவது ஒருத்தர் ஒன்றையாவது வாயைத் திறந்து சொல்லித்தானே ஆகவேண்டும்?

அவள் துணிகளைப் பிழிந்து வாளியில் போட்டாள். அடியில் பச்சைப் பையை வைத்து, மேலே துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

சூரோவின் கடைசி வெள்ளிக்கிழமை. கழுவ வந்த கத்திகளை எல்லாரும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பாஷாண ஜாடி மூடிக் கட்டிப் பரணுக்குப் போயாயிற்று. அன்றைக்கு வீட்டுக் கத்திகளுக்கு எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைப்பது வழக்கம். நான் மல்லிகை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் உடனே கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கொஞ்சம் தெளிவாக இருந்தார். "மாப்பிள்ளை கத்தியைப் பாத்திருப்பாரு இந்நேரம்" என்று என்னிடம் சொன்னார். வார்த்தினி எண்ணெய்க் கிண்ணத்தையும் பஞ்சையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மறுக்கவில்லை.

பெட்டியைத் திறந்தார். அவருடைய தகப்பனார் கத்தியை எடுத்து எண்ணெய் தடவி வைத்தார். அடுத்ததை எடுத்தார், வைத்தார். மூன்றாவதாகக் கை பச்சைப் பட்டில் பட்டது.

வெகுநேரம் அதை எடுக்காமல் தொட்டபடியே இருந்தார். அடுப்படி வாசலில் பாயினா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"வந்து நாளாச்சுப்பா" என்றாள் வார்த்தினி.

எடுத்து மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். விரல் தடித்துப் போனதால் சீக்கிரம் அவிழவில்லை. அவள் உதவிக்குப் போகவில்லை. அவரே அவிழ்க்கட்டும் என்று இருந்தாள். உருவிப் பார்த்தார். பிடியில் இன்னும் அந்த ஓலை நறுக்கு தொங்கியது. அதைத் திருப்பிப் படித்துவிட்டு, பல்லால் கடித்துக் கட்டை அறுத்து எடுத்தார்.

"ரொம்பக் கழுவிட்டேன்" என்றார். "மெலிஞ்சு போச்சு. முனையில ஒரு அரிசிகூட இல்லை பாரு."

"பரவால்லப்பா. நம்ம வீட்லதானே இருக்கப்போவுது. இனிமே அதைக் கழுவ வேண்டாம். எண்ணெய் மட்டும் போட்டா போதும்."

அவர் கத்தியைப் பாயில் வைத்துவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார், ஏதோ திருடியவர் மாதிரி. அந்த நரைத் தலை குனிந்து குலுங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வார்த்தினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு தட்டில் சூடான சோறும் பொரித்த தெம்பேயும் போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பசிக்குதுப்பா. ஊட்டி விடுங்க."

"வேணாம்."

"ஊட்டி விடுங்கப்பா."

"வேணாம்மா. இந்தக் கை வேணாம். அம்மாவைக் கூப்பிடு."

"அம்மா ஊட்டினா நான் என்னிக்குச் சாப்பிட்டிருக்கேன்?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மல்லிகையைத் தொடுப்பது போல் குனிந்துகொண்டேன். பாயினாதான் அசைந்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து ஓரத்தில் நின்று, "வாங்க, தண்ணி ஊத்தறேன்" என்றாள். அண்ணன் எழுந்து போனார். பூந்திக்கொட்டை நுரைத்துக் கையைத் தேய்த்தார். கத்தியைத் தேய்ப்பது போலவே தேய்த்தார், பாயினா ஊற்றிக்கொண்டே இருந்தாள், குடம் காலியாகிற வரைக்கும். வார்த்தினி அவசரப்படுத்தவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

வந்து உட்கார்ந்தார். ஒரு சிறு உருண்டை உருட்டி, தெம்பேயைக் கிள்ளி மேலே வைத்து, நீட்டுவதா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினார். அவள்தான் முன்னால் குனிந்து வாயில் வாங்கிக்கொண்டாள். மென்றாள். கண்ணீர் ஒழுக ஒழுக மென்று விழுங்கிவிட்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.

பாயினா உள்ளே போய் இன்னும் கொஞ்சம் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள்.